பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் டிக்கெட் பதிவு செய்து தரும் சின்னக் கடை எங்களுடையது. பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்களில் பலர், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மாக்கள். அதிலும் சான் பிரான்சிஸ்கோ பக்கம்தான் அதிகம். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்கக் கூச்சப்பட்டு மனசுக்குள் வைத்துக்கொண்ட ஒரு குடும்பம் எப்படி விமானத்தைத் தவறவிட்டது என்பதைப் பார்த்த பிறகு, எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பெங்களூர்ல இருந்து சான் பிரான்சிஸ்கோ எத்தனை கிலோமீட்டர்ங்க?

தேவனஹள்ளியில் இருக்கும் கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து மிகக் குறுகிய வழியில் அளந்தால் சுமார் 14,000 கி.மீ. பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றினாலே 40,000 கி.மீ.தான். அதனால் உலகத்தில் எந்த இரண்டு ஊருக்கும் இடையே 20,000 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்க முடியாது. நீங்கள் போவது அதில் 10க்கு 7 பங்கு.

பழக்கமான ஊர்களோடு ஒப்பிட்டால் புரியும். பெங்களூருவிலிருந்து துபாய் சுமார் 2,700 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,200, லண்டன் சுமார் 8,000. துபாயில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்குப் போய்வந்த அனுபவத்தை வைத்து இந்தப் பயணத்தை எடை போடாதீர்கள்.

ஒரு இடத்துல 8,700ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 7,550ன்னு இருக்கு. எதைத்தான் நம்பறது?

மூன்றும் ஒரே தூரம்தான், அளவுகோல்தான் வேறு. 14,000 கிலோமீட்டர் என்பது சுமார் 8,700 மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்துவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அந்தக் கணக்கில் சுமார் 7,550 வரும். எண்ணுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், குழப்பம் தீரும்.

அப்ப எத்தனை மணி நேரம் பறக்கும்?

இடையில் இறங்காத விமானம் என்றால் போகும்போது சுமார் 16 மணி நேரம், திரும்பும்போது 17 மணி நேரத்துக்கு மேல். ஏன் இந்த வித்தியாசம் என்பதைக் காற்றைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்த ஊருக்கானாலும் நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். பெரிய விமானம் மேலே போனபின் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில்தான் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, ஓடுபாதைக்கு உருண்டு போகும் நேரமும் சேரும். லண்டனுக்கு இப்படிப் போட்டால் 10 மணி நேரம் வரும். ஏறக்குறைய அதுதான் உண்மையும். டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் சக்கரம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய் நிற்கிற வரைக்கும்.

நடுவுல எங்கயாவது நிறுத்தி எண்ணெய் போடுவாங்களா?

நேரடி விமானம் என்றால் போட மாட்டார்கள். முழுவதையும் கிளம்பும்போதே இறக்கைகளிலும் நடுவயிற்றிலும் நிரப்பிக்கொள்வார்கள். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியபோது ஓட்டிய போயிங் 777-200எல்ஆர் ரகம் 1,81,000 லிட்டர் வரை கொள்ளும். அது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. இவ்வளவு நீளப் பயணத்தில் விமானிகளும் இரண்டு பேர் மட்டும் இருப்பதில்லை. நான்கு பேர் முறை வைத்து ஓட்டுவார்கள், மற்றவர்கள் படுத்துத் தூங்கத் தனி இடமே உண்டு. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

இந்த நேரடிச் சேவை தொடங்கியதும், நின்றதும், மறுபடி ஓடியதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போனார் என்பதை வைத்து முடிவு செய்யாமல், பதிவு செய்யும் நாளில் பாருங்கள்.

டிக்கெட்டுல மத்தியானம் 2 மணிக்கு ஏறி, அதே நாள் சாயங்காலம் 4.30க்கு இறங்கற மாதிரி இருக்கே. ரெண்டரை மணி நேரத்துல போயிடுமாண்ணா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. இதை மனதில் பதிய வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நமக்கு 13½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே மதியம் 2 மணி என்றால் அங்கே அதே தேதியின் நள்ளிரவு 12.30, அந்த நாள் அப்போதுதான் பிறந்திருக்கிறது. அதோடு 16 மணி நேரத்தைக் கூட்டுங்கள். சாயங்காலம் 4.30.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, அதாவது மணிக்கு 15 பாகை. நம் நாட்டுக் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அதனால்தான் உலக நேரக் கணக்கு தொடங்கும் லண்டன் கிரீன்விச்சை விட 5½ மணி நேரம் முன்னால் இருக்கிறோம். சான் பிரான்சிஸ்கோ கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் பின்னால். இரண்டையும் கூட்டினால் அந்த 13½ வந்துவிடும்.

வரும்போது மட்டும் சனிக்கிழமை ஏறினா திங்கக்கிழமை வந்து சேருது. ஒரு நாளை யார் தின்னது?

போகும்போது கடன் வாங்கிய மணி நேரங்களை வரும்போது திருப்பிக் கட்டுகிறீர்கள். மேலே சொன்ன 2021 சேவையின் முதல் விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் முழுக்கப் பெண்களே இருந்து, வட துருவத்தின் மேலாகப் பெங்களூருவுக்கு ஓட்டி வந்த விமானம் அது. ஜனவரி 9, சனிக்கிழமை இரவு 8.30 மணியளவில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது. அப்போது நம்மூரில் ஞாயிறு காலை 10 மணி. 17 மணி நேரம் பறந்து திங்கள் விடியற்காலை 3 மணியளவில் இறங்கியது. பறந்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் காணாமல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜன்னலுக்கு வெளியே கழிந்துவிட்டது.

மேப்புல பார்த்தா ஐரோப்பா வழியா நேரா கோடு போடலாம். எதுக்கு வட துருவம் பக்கம் சுத்தறாங்க?

சுவரில் மாட்டியிருக்கும் தட்டை வரைபடம் ஏமாற்றுகிறது. உருண்டையைத் தட்டையாக விரித்தால் வடக்குப் பக்கம் இழுத்துப் பிடித்த ரப்பர் மாதிரி அகலமாகிவிடும், அங்கே தூரம் அதிகம்போலத் தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்கு மாம்பழக் காலத்தில் நான் ஒரு ருமானிப் பழத்தை எடுத்துக் காட்டுவேன். நம் பக்கம் விளைகிற பழங்களில் ஏறக்குறைய உருண்டையாக இருப்பது அதுதானே. நடுவயிற்றுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி, கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தில் இன்னும் சற்று மேலே ஒரு புள்ளி. இரண்டுக்கும் நூலை இறுக்கிப் பிடித்தால், நூல் பக்கவாட்டில் சுற்றாமல் காம்புப் பக்கமாக ஏறி இறங்கும். காம்புதான் வட துருவம்.

நிஜ உருண்டையில் அந்த நூல் பெங்களூருவிலிருந்து வடக்கே ஏறி, திபெத், சீனா, சைபீரியாவின் கிழக்குக் கோடி, அலாஸ்கா என்று போய் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது. அதன் உச்சி 71 பாகை வடக்கு வரை போகும். முதல் கேள்வியில் சொன்ன 14,000 கி.மீ. இந்த நூலின் நீளம்தான்.

அப்ப விமானம் அந்த நூல் மேலயே போகுமா?

போகாது. மேலே சொன்ன முதல் விமானம் பறந்த தூரம் 16,000 கி.மீ. என்று சொன்னார்கள், நூலைவிட 2,000 அதிகம். இதற்குக் காரணங்கள் உண்டு. திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டர் உயரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், சாதாரணமாக மூச்சு விடுவதற்கு 3,000 மீட்டர் உயரத்துக்கு உடனே இறங்க வேண்டும். அங்கே இறங்க இடமே இல்லை, கீழே மலை. அதனால் பெரும்பாலான விமானங்கள் திபெத்தை ஒதுக்கியே போகும். இரண்டு எஞ்சின் விமானம், ஒன்று நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்கக்கூடிய விமான நிலையத்தை எப்போதும் எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இவை போக, காற்று.

காத்து அவ்வளவு பெரிய விஷயமா? விமானம்தான் இவ்வளவு பெருசா இருக்கே?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருப்பீர்கள். பரிசல்காரர் ஒரே பலத்தோடு துடுப்புப் போட்டாலும், ஆற்றோடு போகும்போது கரை வேகமாக நகரும், எதிர்த்து வரும்போது கரை நகரவே நகராது. விமானமும் காற்று என்கிற ஆற்றில் மிதக்கிற பரிசல்தான். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200, 300 கி.மீ. வேகம்கூட எடுக்கும். விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான்.

அதனால் போகும்போது, தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று ஜப்பான் பக்கமாகப் போய், பசிபிக் கடலின் மேல் அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போவார்கள். வரும்போது அதே காற்றை முகத்தில் வாங்காமல் இருக்க வடக்கே ஒதுங்குவார்கள். நாள்தோறும் காற்று மாறுவதால் வழியும் மாறும். நேற்று உங்கள் சம்பந்தி போன வழியிலேயே இன்று நீங்கள் போவீர்கள் என்று சொல்ல முடியாது.

போகும்போது மிச்சமாகற நேரமும் வரும்போது நஷ்டமாகறதும் சரிக்குச் சரி ஆயிடும்தானே?

ஆகாது. பர்கூர் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி இது. 8,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று என்று வையுங்கள். காற்றோடு 1,000 வேகம், 8 மணி நேரம். காற்றுக்கு எதிரே 800 வேகம், 10 மணி நேரம். மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடம். எதிர்க்காற்றில் நாம் மாட்டியிருக்கும் நேரம் அதிகம் என்பதால் நஷ்டம்தான் எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

பூமிதான் சுத்துதே, விமானம் மேல போய் சும்மா நின்னா அமெரிக்கா தானா கீழ வந்துடாதா?

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை, நன்றாக யோசித்தவர்களுக்குத்தான் இது வரும். நம்மூர் நிற்கிற தரையே மணிக்கு 1,600 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் காற்றும் கூடவே ஓடுகிறது, தரையில் நிற்கிற விமானமும் ஓடுகிறது. தருமபுரி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு காசைச் சுண்டினால் அது உங்கள் கையிலேயே விழுகிறதே, பின் சீட்டுக்காரர் மேல் விழுவதில்லையே, அதேதான்.

நேரடி விமானம் கிடைக்கலைன்னா எந்த வழி நல்லது?

துபாய் வழி: 2,700 + 13,000, மொத்தம் 15,700 கி.மீ. பிராங்க்பர்ட் வழி: 7,400 + 9,100, மொத்தம் 16,500. சிங்கப்பூர் வழி: 3,200 + 13,600, மொத்தம் 16,800. வித்தியாசம் 1,100 கி.மீ.தான், பறப்பதில் ஒன்றேகால் மணி நேரம். உண்மையில் நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பது. வயதானவர்களுக்கு 3 மணி நேர இடைவெளி நல்லது. 1 மணி 10 நிமிடம் என்று இருந்தால், விலை குறைவாக இருந்தாலும் நான் பதிவு செய்து தருவதில்லை. தெரியாத ஊரில் மூட்டுவலியோடு அவர்கள் ஓடுவதை நினைத்தால் மனசு கேட்காது.

தூரத்தைச் சமமாகப் பிரிக்கும் வழி பிராங்க்பர்ட், 10 மணி நேரமும் 11½ மணி நேரமும். துபாயில் இறங்கினால் 4 மணி நேரத்துக்குப் பிறகு 16 மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் பிராங்க்பர்ட் வழியைத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும், பெட்டி தானாகப் போய்ச் சேரும். ஆனால் அமெரிக்காவுக்குள் இன்னொரு ஊரில் மாறுவதாக இருந்தால், முதலில் இறங்கும் அமெரிக்க ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான். 15ஆம் தேதி அதிகாலை 2.30க்கு விமானம். அவர்கள் 15ஆம் தேதி பகல் முழுக்க வீட்டில் முறுக்கு சுட்டு, பெட்டி கட்டி, இரவு கிளம்பிப் போனார்கள். விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. நள்ளிரவு 12 தாண்டினால் தேதி மாறிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும், அவசரத்தில் தோன்றாது. அன்றிலிருந்து டிக்கெட்டின் மேல் '14ஆம் தேதி சாயங்காலமே வீட்டிலிருந்து கிளம்பவும்' என்று பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி சுமார் 125 கி.மீ.; தருமபுரியிலிருந்து இன்னும் 50 சேருங்கள். ஓசூர் வரை சுலபம். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று நகரத்தைக் கடப்பதுதான் கடினம். சாலைக்கு 4 மணி நேரம், விமான நிலையத்தில் 3 மணி நேரம், மொத்தம் 7 என்று வையுங்கள். 2.30 விமானத்துக்குச் சாயங்காலம் 7.30க்கு வண்டி கிளம்பினால் போதும். வாடகைக் கார் கட்டுப்படியாகாதவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டி வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து வாயு வஜ்ரா பஸ் பிடிக்கலாம்.

தருமபுரிக்காரங்களுக்கு சேலம் ஏர்போர்ட்தானே கிட்ட? ஓசூர்லயும் வரப்போகுதாமே?

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் கிட்டத்தான், ஆனால் அங்கிருந்து உள்நாட்டு விமானம் மட்டும்தான். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் பயன்படுத்தும் அளவில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக முதல்வர் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2008இல் திறந்த பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில், 25 ஆண்டுகளுக்கு 150 கி.மீ. தூரத்துக்குள் புதிய விமான நிலையம் கூடாது என்ற பிரிவு இருக்கிறது. அது 2033 வரை. ஓசூரில் விமான நிலையம் வந்தால் நம் மாவட்டத்துக்குப் பெரிய விடிவு. மேலே சொன்ன 7 மணி நேரத்தில் 3 மணி நேரம் அப்படியே மிச்சமாகும்.

மகன் ஒரு சமயம் பன்னிரண்டரை மணி நேரம்கறான், ஒரு சமயம் பதிமூன்றரைங்கறான். அவனுக்கே தெரியலையா?

இரண்டும் சரி. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி வைப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் 12½. அப்போது 2 மணிக்கு ஏறினால் டிக்கெட்டில் இறங்கும் நேரம் 5.30 என்று இருக்கும், பறக்கும் நேரம் மாறியிருக்காது.

சண்டை, எல்லைப் பிரச்சினைன்னா நம்ம விமானத்துக்கு என்ன?

வானத்துக்கும் எல்லை உண்டு. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிறவை அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று. நூல் வழிக் கேள்வியில் சொன்ன 14,000 கி.மீ. மாறாது, சுற்றுதான் கூடும். அதனால் பழைய டிக்கெட்டில் இருந்த நேரத்தை நம்பி, வரவேற்க வருகிறவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

பேரன் அங்க 9ஆம் தேதி ராத்திரி பொறந்தான்னு சொல்றாங்க. நமக்கு அப்ப 10ஆம் தேதி காலை. ஜாதகம் எந்தத் தேதிக்கு எழுதறது?

பிறப்புச் சான்றிதழில் அங்கத்துத் தேதிதான் இருக்கும். சோதிடரிடமும் பிறந்த ஊர், அந்த ஊரின் தேதி, மணி மூன்றையும் அப்படியே கொடுங்கள். நீங்களாக நம்மூர் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தால், அவர் இன்னொரு முறை மாற்றி லக்னமே வேறாகிவிடும். கோடையில் பிறந்த குழந்தை என்றால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் எந்த ஊர் நேரத்துக்குப் போடறது?

இதை மட்டும் நான் சொல்லக் கூடாது. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டி, ஏறும் நேரம், பறக்கும் மணி, இறங்கும் நேரம் மூன்றையும் சொல்லி எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம். மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், கீழே போகும் பெட்டியில் வேண்டாம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி, கோடைக்கானலில் இருப்பதைப்போல இருக்கும். காற்று வறண்டிருக்கும், தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். 16 மணி நேரமும் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், நடைபாதை ஓரத்து இருக்கையாகப் போட்டுத் தருகிறேன்.

போய் இறங்கினதும் இங்க இருக்கறவங்களுக்குப் போன் பண்ணினா தூங்கிட்டு இருப்பாங்களா?

குளிர்காலத்தில் அங்கே சாயங்காலம் 4.30க்கு இறங்கினால் நம்மூரில் மறுநாள் காலை 6 மணி. குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, வெளியே வந்து பேரனைக் கையில் வாங்குவதற்குள் இங்கே 7.30 ஆகியிருக்கும். பால் காய்ச்சி முடித்திருப்பார்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள்.